அக்கா கட்டிய மரப் பள்ளி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் சிலருக்கு அவர் மருமகள், சிலருக்கு அண்ணி, மூவார் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘கட்டட ஆன்ட்டி’. எனக்கு அக்கா. உடன்பிறந்தவன் என்ற முறையில் அவரைப் பற்றி எழுதும்படி அத்தான் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

அக்கா ஜொகூர் மாநிலத்தில் சாஆ என்ற ஊருக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்தார். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அம்மா மருந்து அடிக்கும் வேலைக்குப் போனார். அப்பா மாரடைப்பில் இறந்தபோது அக்கா இடைநிலைப் பள்ளி மாணவி, நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அதன்பிறகு காலையில் எனக்குத் தலைவாரி, சோறு கட்டிக் கொடுத்து, பேருந்தில் ஏற்றிவிட்டது அக்காதான்.

அந்தச் சமயத்தில் தோட்ட நிர்வாகம் எண்ணெய் எடுக்கும் செம்பனை நடுவதற்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்தது. சாய்த்த மரங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். புகை வீட்டுக்குள் வந்து நான் இருமிக்கொண்டே கிடந்தேன். அக்கா ஈரத்துணியை என் முகத்தில் போட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார்: “அப்பா வெட்டின மரத்த ஏம்மா கொளுத்துறாங்க?”

“பால் நின்னு போச்சில்ல. இனிமே அதுக்கு என்ன வேல இருக்கு,” என்றார் அம்மா.

அக்கா உதவிச் சம்பளத்தில் படித்துக் கட்டுமானப் பொறியாளர் ஆனார். சில ஆண்டுகள் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் அடுக்குமாடி வேலைகளைப் பார்த்தார். திருமணமாகி மூவாருக்கு வந்த பிறகுதான் அவருடைய பாதை திரும்பியது. அத்தான் அங்கே ஒரு தளவாடத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒருநாள் அக்காவை அங்கே அழைத்துப்போனார். பால் வற்றிய ரப்பர் மரங்கள் பலகைகளாக அறுக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, நாற்காலியும் மேசையுமாக வெளியே போய்க்கொண்டிருந்தன. அக்கா ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதாக அத்தான் சொல்வார். நாற்காலி செய்யலாம் என்றால் ஏன் கட்டடம் கட்டக்கூடாது என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே பேச்சைத் தொடங்கிவிட்டாராம். பிறகு, சிறு பலகைகளை அடுக்கி ஒட்டிப் பெரிய உத்திரமாக்கும் பிரிவு அங்கே தொடங்கியபோது, நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார்.

மூவாரில் எங்கள் ஆலயத்துப் பாலர் பள்ளி ஆற்றுப் பக்கம் இருந்தது. அடியில் சேற்று மண். செங்கல் கட்டடம் ஒரு பக்கமாக இறங்கி, சுவர் வெடித்து, கடைசியில் பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். ஆலய வாசலில் தார்ப்பாய் கட்டிப் பாடம் நடந்தது. பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இன்னும் கொஞ்ச காலம் அப்படியே போயிருந்தால் பள்ளியை மூடியிருப்பார்கள்.

நிர்வாகக் கூட்டத்தில் அக்கா எழுந்து, மரத்தில் கட்டலாம் என்றார். மரக் கட்டடம் எடை குறைவு, சேற்று மண் தாங்கும் என்பது அவர் முதல் காரணம். தலைவர் முனியாண்டி மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

“கம்பத்துப் பலகை வீடு மாதிரி ஆயிடும்மா. கரையான் வரும், மழைக்கு அழுகும். நாளைக்குத் தீப்பிடிச்சா பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

“வெளித்தூணுக்கு செங்கல் போடுறேன் மாமா. அது ஒன்னும் ஆகாது.”

“செங்கல்லுல கட்டுன்னுதானே நாங்களும் சொல்றோம்.”

மலாய்க்காரர்கள் ‘செங்கல்’ என்றே அழைக்கும் வைரம் பாய்ந்த காட்டு மரத்தைத்தான் அக்கா சொன்னார். புரிந்ததும் கூட்டமே சிரித்தது. அதற்காகப் புதிதாகக் காட்டை வெட்டப்போவதில்லை, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூண்களையே வாங்கப்போகிறேன் என்று விளக்கினார். பிறகு அமைதியாகச் சொன்னார்:

“மரம் வளரும்போது காத்துல உள்ள கரிய இழுத்து உள்ள வச்சிக்கிது மாமா. கொளுத்தினா அவ்வளவும் திரும்ப மேல போயிடும். கட்டடமாக்கினா, கட்டடம் நிக்கிற வரைக்கும் உள்ளயே இருக்கும். சிமெண்டு செய்யறதுக்கு எவ்வளவு எரிக்கிறாங்கன்னு நான் வேல செஞ்ச எடத்துல படிச்சிருக்கேன். அடித்தளத்துக்கு நானும் சிமெண்டுதான் போடப்போறேன், இல்லன்னு சொல்லல. ஆனா வெட்டின எடத்துல திரும்ப நடுற தோட்டத்து மரம்தான் எடுப்பேன். நடலன்னா நான் பேசுறதுக்கு அர்த்தமே இல்ல.”

தீயைப் பற்றி அவர் வாயால் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் பின்னால் நெருப்பு மூட்டி, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த தடித்த உத்திரத் துண்டு ஒன்றை அதில் வைத்தார். எல்லாரும் தேநீர் குடித்து, ஊர்க்கதை பேசி முடிக்கும்வரை எரியவிட்டார். பிறகு தண்ணீர் ஊற்றி, அத்தானை விட்டுக் குறுக்கே அறுக்கச் சொன்னார். வெளியே விரல் தடிமனுக்குக் கரி. உள்ளே வெளிர் மஞ்சளாக மரம் அப்படியே இருந்தது.

“கைய வச்சிப் பாருங்க மாமா. சன்னமான கட்டைதான் சட்டுன்னு எரியும். இந்தத் தடிமன்ல வெளிக்கரியே உள்மரத்தக் காப்பாத்தும். பிள்ளைங்க வெளிய வர நேரம் கிடைக்கும்.”

மாமா தொட்டுப் பார்த்தார். “இளஞ்சூடுதான் லா,” என்று மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னார். பொறியாளர் வரைபடமும் நகராட்சி அனுமதியும் முறையாக வந்த பிறகு அவரே முதல் தூணுக்குச் சந்தனம் வைத்தார்.

பள்ளி தரையிலிருந்து உயர்ந்து, தூண்கள் மேல் நின்றது. திறப்பு விழாவன்று பிள்ளைகள் வெறுங்காலோடு பலகைத் தரையில் ஓடிய சத்தத்தில் நாதஸ்வரமே சரியாகக் கேட்கவில்லை. ஆசிரியை பின்னர் அக்காவிடம், “மத்தியானத்துலகூட உள்ள புழுக்கம் இல்ல, பிள்ளைங்க நல்லா தூங்குறாங்க,” என்று சொன்னபோது அக்கா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று எழுதினால் அக்காவே கோபித்துக்கொள்வார். முதல் பெருமழைக் காலத்தில் கூரைத் தகரத்திலிருந்து வடிந்த நீர் ஓர் உத்திரத்தின் முனையிலேயே விழுந்துகொண்டிருந்தது. முனை கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது. முனியாண்டி மாமா தொலைபேசியில், “நான் அன்னைக்கே சொன்னேன்ல,” என்றார். அக்கா மழையிலேயே போய் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“தப்பு என்னோடது மாமா. ரப்பர் மரத்துக்கு ஈரம் ஆகாது. தண்ணி விழற எடத்த நான்தான் சரியா கவனிக்கல.”

திருகாணிகளைக் கழற்றி அந்த உத்திரத்தை மட்டும் இறக்கி, வேறொன்று மாட்டி, கூரையை நீட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டு நாள் ஆலயத்தில் படித்தார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு மாமா யாரிடம் பேசினாலும் ‘நம்ம பள்ளிக்கூடம்’ என்றே சொன்னார்.

அந்த ஆண்டில்தான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு வசதியாக, ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாயில் என் வீட்டில் வந்து தங்கினார். மருந்து ஏற்றிய நாள்களில் சாப்பிட முடியாது. பக்கத்து வீட்டு சல்மா அக்கா கஞ்சி வைத்து வேலி மேல் கொடுப்பார், அது மட்டும் இறங்கும். ஜொகூர் பாருவில் மழை கொட்டினால் அக்கா உடனே அத்தானுக்கு அழைப்பார். “மூவார்லயும் மழையா? பள்ளிக்குப் போயி கூரைய ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க.” அத்தான் குடை பிடித்துக்கொண்டு எடுத்து அனுப்புவார். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போவார். வலி கூடிய நாள்களில்கூட அவர் யாரிடமும் எரிந்து விழவில்லை. அம்மா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழும்போது, “அழாதம்மா, கை வலிக்கும், விடு,” என்று அம்மாவையே தேற்றினார்.

கடைசி நாள்களில் மூவாருக்குத் திரும்ப விரும்பினார். தம் வீட்டில், மகள் யாழினி கையைப் பிடித்திருக்க, ஒரு விடியற்காலையில் எங்களைப் பிரிந்தார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும், சல்மா அக்காவுக்கும், எங்களைத் தாங்கிப் பிடித்த உறவினர்களுக்கும், இறுதிக் காரியங்களை முன்நின்று செய்த முனியாண்டி மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொரு நன்றியும் உண்டு. “என்னை வச்சி எரிக்கிற பெட்டிக்குப் பெருசா ஒன்னும் வேணாங்க. ரப்பர் மரம் போதும், பாலிஷ் அடிக்காதீங்க, புகை நல்லதில்ல,” என்று அக்கா அத்தானிடம் சொல்லியிருந்தார். தொழிற்சாலை நண்பர்கள் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அதைச் செய்து கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்தபோது உள்பக்கமும் மழமழவென்று இழைத்திருந்தது. துணி விரிக்கப்போகிற இடம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர்களில் மூத்தவரான சீனர் ஆ செங்கிடம் கேட்டேன். அவர் மலாயில் சொன்னார்: “எது செஞ்சாலும் உங்க அக்கா உள்பக்கத்ததான் முதல்ல தடவிப் பார்ப்பாங்க.”

அந்தக் கைகளுக்கு எங்கள் நன்றி.