மெட்டி விரல்

குற்றாலத்துக் கல்லூரிப் பெண்கள் ஆவுடைத்தாய்க்கு வைத்திருந்த பெயர் ஐஸ் டீச்சர். பாவூர்சத்திரம் சந்தை வாசலில் சோடாக்கடை போட்டிருந்த கடற்கரை என்பவனுக்கும் அந்தப் பெயர் எட்டியிருந்தது. காய் வாங்க வந்தவள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டான்.

"டீச்சரம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம ஐஸ் பெட்டியிலயே கால வச்சிருக்கலாமே. இதுக்குப் போயி கனடா வரைக்கும் பிளேன் சார்ஜு குடுக்கணுமா?"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

வடகரையில் வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீட்டில் பிறந்தவள் அவள். எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டுக் குற்றாலத்தில் தற்காலிக வேலை பார்த்தாள். சாரல் தொடங்கிவிட்டால் செண்பகாதேவி அருவிக்குப் போகிற வழியில் பாறை பாறையாகத் தாவி ஏறி, பாசியைக் கத்தியால் சுரண்டி, பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள். மழை இல்லாத மாதங்களில் கருகிச் செத்ததுபோலக் கிடக்கிற பாசி, முதல் தூறலில் எப்படிப் பச்சை பிடிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை ஒன்று எங்கெங்கோ சுற்றி, கனடாவில் துருவப் பகுதித் தாவரங்களை ஆராயும் ஒரு பேராசிரியர் கையில் விழுந்தது.

அவர் கூப்பிட்டார். அங்கே வடக்கே போகப் போக மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது, அதன்மேல் மெத்தை விரித்ததுபோலப் பாசி. உலகம் சூடேறினால் அந்த நிலம் தனக்குள் பூட்டி வைத்திருக்கும் கரிமத்தைக் காற்றில் விட்டுவிடுமா என்பது அவருடைய கேள்வி. 1981இல் அப்படிக் கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை. முதல் பருவத்தின் களவேலையை ஒழுங்காக முடித்தால் முனைவர் பட்டத்துக்கு இடமும் படிப்புச் செலவும் உண்டு. இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப டிக்கெட். வடகரைப் பெண்ணுக்கு அப்படி ஒரு கதவு திறந்ததே பெரிது. இரண்டாவது தரம் திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

புருஷன் நம்பிராஜன் தடுக்கவில்லை. அத்தை மகன்தான். ராணுவத்தில் நாயக், அப்போது லடாக்கில் இருந்தான். அவனைப் பெற்ற வடிவம்மாளும் தடுக்கவில்லை என்பதுதான் ஊருக்கே ஆச்சரியம். பெட்டி கட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சேலைகளை மடித்துக் கொடுத்தாள்.

"போறது போ. ஒங்க மாமாகிட்ட நானே பேசிட்டேன். ஆனா ஒண்ணே ஒண்ணு."

"சொல்லுங்க அத்தை."

"தாலிச் செயின வேணும்னா கழத்தி வச்சிட்டு வெறும் மஞ்சக் கயித்துல மஞ்சத் துண்டக் கட்டிக்கோ. எந்தக் களவாணிப்பயலாவது அறுத்துருவான். மெட்டிய மட்டும் கழத்தப்படாது. எம்புள்ள அங்கன பனிக்குள்ள துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கான். நீ பாட்டுக்கு மெட்டியக் கழத்திப் போட்டேன்னா..."

"கழத்த மாட்டேன்."

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

"ஐய, என்ன அத்தை இது! கழத்த மாட்டேன்னா கழத்த மாட்டேன்."

ஏப்ரல் கடைசியில் சின்ன விமானம் அவளையும் ஆராய்ச்சிக் குழுவையும் துருவத்துத் தீவு ஒன்றில் இறக்கிவிட்டுப் போனது. மரம் கிடையாது, நிழல் கிடையாது, வெள்ளை மட்டும். கண்ணீர் இமையிலேயே உறைந்தது. வெளியே போகுமுன் உடம்பில் உள்ள உலோகத்தையெல்லாம் கழற்றிவிட வேண்டும் என்பது முகாமின் சட்டம். உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும், வீங்கிய விரலை இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிடும். பொறுப்பாளரான அம்மாள் வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆவுடைத்தாய் கம்மல், மூக்குத்தி, வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி உறையில் போட்டாள். அந்த அம்மாள் கையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், கழுத்துக் கயிற்றைத் தொட்டு நூல்தான் என்று விட்டுவிட்டாள். காலைக் கேட்கவில்லை. கால்விரலில் ஒருத்தி வெள்ளி வளையம் போட்டிருப்பாள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

சொல்ல அதுதான் சமயம். ஆவுடைத்தாய் வாயைத் திறக்கவில்லை. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறைக்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று தன்னோடு தானே வாதாடி ஜெயித்தாள்.

அவளுடைய வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை. பனியை விலக்கி, பாசியின் மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேர்கிற காற்றைக் குழாயில் இழுத்து மூட வேண்டும். ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே அசையாமல் காத்து நிற்க வேண்டும். முதல் நாள் வலது கால் சுண்டிச் சுண்டி இழுத்தது. மறுநாள் மத்தியானம் வலி நின்றது. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலம் கூடாரத்தில் காலுறையை உருவினால் விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி விறைத்துக் கிடந்தன. மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. கழற்றப் பார்த்தாள். ஆமாம், அப்போது கழற்றத்தான் பார்த்தாள். அது வரவில்லை.

சொன்னால் விமானத்தைக் கூப்பிடுவார்கள். விமானம் வந்தால் பருவம் முடிந்தது. காலுறையை மாட்டிக்கொண்டு படுத்தாள். விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனாள். பெட்டிப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தவளைத்தான் மற்றவர்கள் தூக்கி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மெட்டியைக் கம்பி வெட்டுகிற குறட்டால் வெட்டினார்கள். பிறகு பெருவிரல், மெட்டி விரல், அதற்கடுத்த விரல், மூன்றும் போயின. இடது கால் மெட்டி கொஞ்சம் தளர்வாக இருந்தது, அந்தக் கால் தப்பியது.

பேராசிரியர் பழங்களோடு பார்க்க வந்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. விரல்கள் போனதற்காக உன்னை விடமாட்டேன், ஆய்வுக்கூடத்தில் வேலை கொடுத்திருப்பேன் என்றார். ஆனால் அடிபட்டதை மறைத்தாய், அந்தப் பனியில் ஒருவர் மறைத்தால் கூட இருப்பவர்களும் சாவார்கள், மறைப்பவரை நான் எப்படிக் கூட்டிப் போவேன் என்றார். அவள் கண்ணாடிப் பெட்டிகள் வேறொரு மாணவனுக்குப் போயின. அவளுக்கு டிக்கெட் வந்தது.

குற்றாலத்தில் பழைய வேலையையே திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் பெருவிரல் இல்லாத கால் ஈரப்பாறையில் பிடிமானம் கொள்வதில்லை. முதல் சாரலில் ஏறப் பார்த்து, இடுப்பளவு உயரத்திலேயே வழுக்கி விழுந்தாள். அதற்குப்பின் பாசி வேண்டுமென்றால் மாணவிகள் பறித்துக்கொண்டு வருவதுதான். பாதி நாள் கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையாவது பறித்து வருவார்கள்.

அடுத்த வருடம் நம்பிராஜன் லீவில் வந்தான். வந்த அன்றைக்கே அவள் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தழும்பைத் தடவிப் பார்த்தான்.

"பட்டாளத்துல சாயங்காலமானா ஒவ்வொரு பயலோட காலையும் புடிச்சுப் பாக்கது என் வேலை தெரியுமா? எத்தனை கால் பாத்திருப்பேன். என் வீட்டுக் கால விட்டுட்டேனே."

அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் கேட்டாள். "மோதிரத்த எங்க அத்தான்? நம்ம கல்யாணத்துல எங்கப்பா போட்டது."

"அதுவா? டிரங்குப் பெட்டியில கெடக்கு. அங்கன போன மொத நாளே கழத்திட்டேன். போட்டுக்கிட்டு நின்னா விரலு..."

பாதியில் நிறுத்தினான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

"நீ படிச்சவ. ஒனக்குத் தெரியாதாக்கும்னு இருந்துட்டேன்."

"தெரியும்" என்றாள் ஆவுடைத்தாய். "தெரியும் அத்தான்."

அவன் காலை மெல்ல இறக்கி வைத்தான்.

லீவு முடிகிற சமயம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. புறப்படும்போது வடிவம்மாள் அவளை அடுப்படிக்குள் கூப்பிட்டாள். முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஏட்டி, கோவிச்சுக்காத. ஒத்தைக் காலுல மெட்டி கெடக்கதப் பாத்தா எனக்கு அபசகுனமாத் தெரியுது. நல்ல காரியத்துக்குப் போற எடத்துல நாலு பேரு கண்ணு அங்கதான் போவுது. ஒண்ணுகெடக்க ஒண்ணு பேசுதாளுவ. அதையும் கழத்திரு."

"அத்தை, நெசமாத்தான் சொல்லுதியளா?"

"கழத்திருன்னு சொல்லுதேம்லா."

ஆவுடைத்தாய் கிணற்றடித் துவைகல்லில் போய் உட்கார்ந்தாள். இடது கால் விரலில் தண்ணீர் விட்டுச் சோப்பைத் தேய்த்து ஒரு சுற்றுச் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சேலைத் தலைப்பில் துடைத்து அத்தை கையில் கொடுத்தாள்.

நம்பிராஜன் மறுவாரம் லடாக்குக்குத் திரும்பினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.