விரத மாதத்தில் ஆட்டு இதயம்

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன். வகுப்பில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

மலேசியாவில், கிள்ளான் நகரில் ஒரு தனியார் கல்லூரி. மருத்துவம், நர்சிங் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு அங்கே அடிப்படை உயிரியல் நடத்துகிறார்கள். நான் லேப் அசிஸ்டன்ட். என் படிப்பு ஃபோர்ம் த்ரீயோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பிறகு ஸ்ரீ கெம்பாங்கானில் தொழிற்சாலை, பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை, லோரி, ஜெஞ்சாரோமில் அலங்கார மீன் பண்ணை என்று சுற்றினேன். படுக்க இடமில்லாமல் லோரியிலேயே தூங்கிய மாதங்கள் உண்டு. முதுகுவலி அங்கே வந்தது, இன்னும் போகவில்லை. லேபில் வேலை கிடைத்தபோது ஸ்லைடு கழுவத்தான் ஆள் தேடினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைத் துடைப்பது எனக்குப் பிடித்துப்போனது. அதனால் இருந்துவிட்டேன்.

இதயப் பாடத்துக்கு ஆட்டு இதயம்தான் வாங்குவோம். மாடு இந்துப் பிள்ளைகளுக்கு ஆகாது. பன்றி மலாய்ப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஆடு எல்லோருக்கும் பொது. பாசாரில், சந்தை இறைச்சிக் கடையில், எனக்கென்று எடுத்து வைப்பார்கள். ஒரு முறையும் பிரச்சினை வந்ததில்லை.

“என்ன ஆச்சு? யாருக்காவது வாந்தி வருதா?” என்று கேட்டார் மிஸ் ரேணுகா. அவர்தான் விரிவுரையாளர்.

“இல்ல மிஸ், தைப்பூச விரதம்.”

மிஸ் என்னைப் பார்த்தார், நான் பெட்டியைப் பார்த்தேன். காலண்டரில் தைப்பூசம் ஒரு நாள் விடுமுறை. அதற்கு முந்தைய விரத நாட்கள் எந்தக் காலண்டரிலும் சிவப்பாக இருக்காது. அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியவில்லை. மிஸ்ஸும் தேவாலயம் போகும் குடும்பம், நினைவு வரவில்லை. நான் எந்த விரதமும் இருப்பவனில்லை.

“குளோவ்ஸ் போட்டுக்கிட்டா முருகன் கண்டுக்க மாட்டாரு லா,” என்றான் தினேஷ்.

“உன் முருகன் கண்டுக்க மாட்டாரு. எங்கம்மா கண்டுக்குவாங்க,” என்றாள் ஷாமினி.

எல்லோரும் சிரித்தார்கள். அன்று வெறும் பயிற்சி வகுப்பு. தொட முடியாதவர்கள் பார்க்க, மற்றவர்கள் வெட்டினார்கள். அடுத்த வாரம்தான் மதிப்பெண் போடும் பிராக்டிக்கல். அதில் ஒவ்வொருவரும் தனியாக வெட்டிக் காட்ட வேண்டும். சிலர் கையுறைக்குச் சம்மதித்தார்கள். சிலருக்கு வேறு பிராக்டிக்கல்களில் போதுமான மதிப்பெண் இருந்தது, விட்டுவிட்டார்கள். ஷாமினியால் இரண்டும் முடியவில்லை. போன செமஸ்டரில் உயிரியலில் தோற்றவள். இந்த முறையும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

மறுநாள் மிஸ்ஸின் மேசை முன்னால் அவள் நின்றாள். பக்கத்தில் நான் பீக்கர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஒரு நாள் விரதத்தை விட்டுட்டு அப்புறம் தொடர முடியாதாம்மா?”

“பால்குடம் மிஸ். பத்துமலை முருகனுக்கு. நடுவுல விட்டா விட்டதுதான்.”

“எதுக்கு நேர்ந்துக்கிட்ட?”

அவள் தரையைப் பார்த்தாள். “பயாலஜி பாஸாகணும்னுதான் மிஸ்.”

மிஸ் சிரிக்கத் தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். திரும்பியபோது அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் நின்றது. பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தண்ணீரில் ஒரு பூச்சி

நீர்த்தெள்ளு என்று குளத்தில் நீந்தும் கடுகைவிடச் சிறிய உயிர் ஒன்று உண்டு, தான் படித்த காலத்தில் அதை வைத்துப் பரிசோதனை செய்திருப்பதாக மிஸ் சொன்னார். கண்ணாடி போல உடம்பு. வெட்டவே வேண்டாம், மைக்ராஸ்கோப்பில் இதயம் துடிப்பது வெளியே தெரியும். ஷாமினிக்கு மட்டும் ஆட்டு இதயத்துக்குப் பதில் இதை வைக்கலாமா என்று துறைத் தலைவர் மேடம் லிம்மிடம் கேட்கப் போனார். நான் வாசலில் நின்றேன்.

“கேன், செய்யலாம்,” என்றார் மேடம் லிம். “ஆனால் அதே நாள், அதே நேரம். துடிப்பை எண்ணிக் காட்ட வேண்டும். சூடு, குளிர் மாறினால் என்ன ஆகிறது என்று செய்து காட்ட வேண்டும். நானே வந்து கேள்வி கேட்பேன்.”

வெளியே வந்ததும் மிஸ், “அண்ணே, இதுக்கு உயிரோட தெள்ளு வேணுமே. எங்க கிடைக்கும்?” என்றார்.

காஜாங்கில் ஒரு மீன் தொட்டிக் கடையில் கேட்டேன். உறைய வைத்த பாக்கெட்தான் இருந்தது. பிராக்டிக்கல் அன்று விடியும் முன்பே மோட்டாரில் ஜெஞ்சாரோம் போனேன், என் பழைய மீன் பண்ணைக்கு. இருபுறமும் செம்பனைத் தோட்டம், அதன் மேல் பனிமூட்டம். சாலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வண்டி ஓடுகிறதா, மரங்கள் நகர்கின்றனவா என்று குழப்பமாக இருந்தது. பண்ணைக்கார சீனக் கிழவர் பனியனோடு குளத்தோரம் நின்றார்.

“நீயா? இன்னும் சாகலையா லா?” என்று மலாயில் கேட்டார்.

“இல்ல பாஸ். நீர்த்தெள்ளு வேணும்.”

“மீன் வளக்கிறியா?”

“பிள்ளைங்க படிக்க.”

அவர் வலையை நீட்டினார். பச்சைத் தண்ணீருக்குள் செம்மண் கரைந்ததுபோலத் தெள்ளுக் கூட்டம் ஒரு மேகமாக நகர்ந்தது. வலையை மெதுவாக இழுத்தால் அது பிரிந்து மறுபடி கூடியது. அங்கே வேலை செய்த நாட்களில் எத்தனையோ வாளி அள்ளி மீனுக்குக் கொட்டியிருக்கிறேன். அவற்றுக்கு இதயம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. குளத்துத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டி மோட்டாரில் தொங்கவிட்டேன். வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பையைத் தூக்கிப் பார்த்தேன். வெயில் பட்டதும் உள்ளே புள்ளிகள் ஏறி இறங்கின.

நின்றுபோனது என்று நினைத்த நேரம்

மற்றவர்கள் ஆட்டு இதயத்தோடு முன்பக்கம். ஷாமினி ஜன்னலோர மைக்ராஸ்கோப்பில். சொட்டுத் தண்ணீரில் ஒரு தெள்ளு, அது ஓடாமல் இருக்கச் சில பஞ்சு இழைகள்.

“அங்கிள், இது செத்துடாதே?” என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

“பார்க்காத நேரத்துல லைட்டை அணைச்சிடு. சூடு ஆகாது.”

அவள் கண்ணை வைத்தாள். அப்படியே இருந்தாள். கத்தரிக்கோல் சத்தம், குழாய்த் தண்ணீர், தினேஷின் பேச்சு எதுவும் அவள் காதில் விழவில்லை என்று தெரிந்தது. தெள்ளின் முதுகுப் பக்கம் ஒரு சின்னப் பை திறந்து மூடுவதை நானும் பிறகு பார்த்தேன். அதை எண்ண வாயால் முடியாது, அவ்வளவு வேகம். துடிக்கத் துடிக்கக் காகிதத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போய், நேரம் முடிந்ததும் புள்ளிகளை எண்ண வேண்டும். டொக் டொக்கென்று பேனா மழை போலப் பெய்தது.

பிறகு ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். பேனா மெதுவானது. இன்னும் மெதுவானது. நின்றது.

“கொன்னுட்டேன்,” என்றாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “விரதத்துல ஒரு உயிரக் கொன்னுட்டேன் மிஸ். நான் போறேன்.”

முகம் வெளுத்திருந்தது. வாசலில் மேடம் லிம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவள் வெளியேறினால் எல்லாம் முடிந்தது.

மிஸ் ஓடி வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, “ஷாமினி, திரும்பிப் பாரு. பார்த்துட்டுப் போ,” என்றார். தேர்வில் அதற்கு மேல் அவர் சொல்ல முடியாது.

அவள் நின்றபடியே குனிந்தாள். வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. அறையில் கத்தரிக்கோல்களும் நின்றுவிட்டன. பிறகு அவள் கை தானாகப் பேனாவைத் தேடியது. ஒரு புள்ளி. இடைவெளி. இன்னொரு புள்ளி. சொட்டில் குளிர் போகப் போகப் பேனா வேகமெடுத்தது.

மேடம் லிம் பக்கத்தில் வந்து, “ஏன் நின்றது?” என்று கேட்டார்.

“நிக்கல மேடம்,” என்று தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு மாறினாள். அந்த உயிருக்குத் தனியாக உடம்புச் சூடு கிடையாது, தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் குளிரும், இதயம் மெதுவாகும், தண்ணீர் தேறினால் தேறும் என்று சொன்னாள். மேடம் லிம் தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவர் தலை நிமிரவும் வெகுநேரம் ஆனது.

ஷாமினி ரிசல்ட் வரும் முன்பே பால்குடம் எடுத்துவிட்டாள். தைப்பூசம் கழிந்து முடிவு வந்தது. தேறியிருந்தாள். அடுத்த வருடத்திலிருந்து இதய வகுப்பை மிஸ் தைப்பூசத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தார். தெள்ளுகள் எல்லா மாணவர்களுக்கும் பாடமாகிவிட்டன.

லேப் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருள் வாங்கும் முன் வகுப்பில் போய்க் கேளுங்கள். ஒருவர் தொட மறுத்தால் படிக்க மனமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வருடம் ரிசல்ட் வந்த அன்று ஷாமினி லேபுக்கு வந்தாள்.

“அங்கிள், பாசார் போனா ஒரு ஆட்டு இதயம் வாங்கிட்டு வரீங்களா?”

“அதான் பாஸ் ஆயிட்டியே, இனி எதுக்கு?”

“மார்க்குக்கு இல்ல அங்கிள்,” என்றாள். “உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்.”