தக்காளி ஏறினால் உதறும் வண்டி

ஓசூர் வண்டிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நானும் என் கணவரும் சூளகிரி சர்வீஸ் ரோட்டில் பட்டறை போட்டதும் வந்த முதல் பெரிய வேலை, பேரிகை விவசாயி ஒருவரின் பிக்கப். காட்டுப் பாதையில் அடி தட்டுகிறது, பின்பக்கத்தை உயர்த்துங்கள் என்றார். உயர்த்தினால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டின் சாய்வு மாறிவிடும். அதைச் சரிக்கட்ட, பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து, ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் மூக்கைத் திருப்ப வேண்டும். வெல்டிங் கணவருடையது, சாய்வுக் கணக்கு என்னுடையது. ஓட்டிப் பார்த்தேன். அலுங்காமல் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால், அந்த விவசாயி பட்டறை வாசலில் நிற்கிறார்.

“ஏந்தம்மா இது? லோடு ஏத்தினா வண்டியே உதறுது. மண்டி போய்ச் சேர்றதுக்குள்ள பாதி தக்காளி சட்னி. எங்க ஊர்ல எல்லாரும் என் வண்டியத்தான் பாத்துட்டிருக்காங்க.”

இந்த வண்டி கெட்டால் பேரிகைப் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வராது. மறுபடி கம்பெனி பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“அளவில்லாம ஏத்தினா உதறாம என்ன பண்ணும்?”

“தக்காளி வண்டியில தக்காளி ஏத்தாம சாமியவா ஏத்துவாங்க?”

சுருக்கென்றது. கம்பெனி லைனில் நான் பார்த்த வண்டி அத்தனையும் காலி வண்டி. அதே பழக்கத்தில் இதையும் காலியாக நிறுத்தியே சாய்வு பார்த்திருந்தேன். சுமை ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி அந்தச் சாய்வே மாறிவிடும்.

சுமைக்கு எங்கே போவது? பூசை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை என் கணவர் கூப்பிட்டார். பட்டுப்புடவையோடு பெண்கள் ஸ்டூல் போட்டு ஏறினார்கள். பாடகர் குழு மொத்தமும் ஏறியது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு நான் அடியில் படுத்தேன்.

“யாரும் ஆடாதீங்க!”

“பாடலாமா?”

“பாடுங்க. தாளம் மட்டும் போடாதீங்க.”

சாய்வு காட்டும் செல்போனை கியர்பாக்ஸிலும் பினியனிலும் ஒட்டிவைத்துப் பார்த்தேன். காலியில் ஒத்துப்போன இரண்டு சாய்வும், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. எல்லாரையும் இறக்கி, ஆப்பை மாற்றி, மறுபடி ஏற்றி அளந்தேன். இப்போது ஒத்துப்போயின. ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை, டீ மட்டும் கேட்டார்கள்.

மறுநாள் காலை தக்காளியோடு மண்டிக்கு நானும் கூடவே போனேன். ஹைவேயில் வேகம் ஏற ஏற, சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். உதறல் இல்லை. அவர் வண்டியை மறந்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது வண்டிக்கு அடியில் லேசாக ஒரு முனகல் கேட்டது. சுமைக்கு ஒத்துப்போன சாய்வு காலிக்கு ஒத்துப்போகவில்லை. என் முகம் போன போக்கை அவர் பார்த்துவிட்டார்.

“முனகட்டும் விடும்மா, வீட்டுக்குத்தான போகுது. நாளைக்கு என் தம்பி வண்டி வருது. லோடோடயே அனுப்பறேன்.”