பனிவெளியில் ஒரு குக்கர் வெந்நீர்

விசுவாசக் குடும்பத்தாரே, அபுதாபி முசஃபாவில் இருபது வருஷமாக கராஜில் வண்டி பழுது பார்க்கிறவன் நான். அப்படிப்பட்ட நான் ஓட்டிய வண்டியே நடுமலையில் நின்றது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

போன டிசம்பர் லீவில் மனைவி ஸ்டெல்லாவோடு ஜார்ஜியா போனேன். மலைமேல் பனி மூடிய புல்வெளி, நடுவே ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்று. நர்ஸ் டியூட்டியில் நின்றே வீங்கிய கால்களை அதில் நனைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. காலையில் வாடகைக் காரில், எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் குறைந்திருந்தது. அபுதாபிப் பழக்கத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றி மூடினேன். தண்ணீர் உறையும் என்று பள்ளியில் படித்ததுதான். பாலைவனத்தில் அந்தப் பாடம் ஆவியாகிவிட்டது.

மாலைவரை ஊற்றில் கால் வைத்து, ரைஸ் குக்கர் பாத்திரத்தில் கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றுவிட்டு வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரத்திலேயே சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போய்வரும் அடி ஹோஸைப் பிடித்தேன். கல்!

"என்னாச்சுங்க?"

"உறைஞ்சு போச்சு. நான் ஊத்துன தண்ணி."

"பெரிய மெக்கானிக்கு!" அதைச் சொல்லவே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

குளிரில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் ஹோட்டல் ரூமில். போனில் சிக்னல் மாஃபி, துளிகூட இல்லை. ஊற்றுக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஊற்றருகே உட்காரவைத்தால் கந்தக வாடை இழுப்பைக் கூட்டியது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் நெஞ்சில் விசில் சத்தம்.

பனியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இதை இழுத்துப்போக ஒரு ரிக்கவரி வண்டி அனுப்பும்." ஜெபத்திலும் எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ஆர்டர் போடுகிற புத்திதான். யாரும் வரவில்லை. அழுகை வந்தது. "எனக்கு ஒன்றும் தெரியவில்லை அப்பா. அவளுக்கு மூச்சு கொடும்" என்றேன். அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தேன். எதிரே ஆவி பறந்துகொண்டிருந்தது.

குக்கர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். விழுந்தேன். மொண்டேன். ரேடியேட்டர்மேல் ஊற்றினேன், மறுபடியும் ஓடினேன். எத்தனை நடை என்று தெரியாது. கடைசியில் அடி ஹோஸ் என் கையில் மெதுவாக இளகியது. சாவியைத் திருப்பினேன். முள் இறங்கியது!

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். மூச்சு திரும்பியதும் அவள் முதலில் சொன்னது: "ஜெபத்துல கண்ண மூடுனது சரி. தொறக்க இவ்வளவு நேரமா?"

இப்போது எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் முதலில் ஜெபம், பிறகுதான் ஸ்பானர். நெளிந்த அந்தப் பாத்திரத்தில்தான் இன்றும் எங்களுக்குச் சோறு. நான் வண்டி கேட்டேன். அவரோ நான் வருவதற்கு முன்பே வெந்நீர் வைத்திருந்தார். நீங்களும் கேளுங்கள், பிரியமானவர்களே. கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள்.