கதவுக்கு வெளியே ஒரு வைவா

ஊரில் சொன்னால் நம்பமாட்டீர்கள். பெங்களூர் விவேக் நகரில் நான் சமைக்கும் மாணவர் விடுதியில், அடுப்படிக்கு அடுத்த அறையிலிருந்து எனக்கு வாட்ஸ்அப் வரும்: "அண்ணா, ரெண்டு தோசை." குரல் கொடுத்தாலே கேட்கும் தூரம்தான். கொடுக்கமாட்டான். தோசையைக் கதவோரம் வைத்துவிட்டு வரவேண்டும். திருப்பூரிலும் சூரத்திலும் விடுதிகளில் கரண்டி பிடித்திருக்கிறேன். அங்கே பையன்கள் தட்டைத் தட்டி என் பெயரை ஏலம் போடுவார்கள்.

இந்த அறைக்காரன் பிரபு, எங்கள் வாணியம்பாடிப் பையன். கொரோனாவில் இன்ஜினியரிங்கின் முதல் இரண்டு வருடத்தை வீட்டு மாடியில் செல்போனிலேயே படித்தான். கேமரா அணைந்திருக்கும், கேட்டதற்குத் தட்டச்சில் பதில். கல்லூரி திறந்தபோது ஆள் முன்னால் வாய் வரவில்லை. எழுத்துத் தேர்வெல்லாம் பாஸ். நேரில் பதில் சொல்லும் வைவா மட்டும் இரண்டு முறை போய்விட்டது. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த முறை தேறினால்தான் பட்டம்.

விடுதி நடத்தும் வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். "ஊட்டா ஆய்த்தா, சாப்ட்டியான்னு கேட்டா தலையைக் குனிஞ்சுட்டுப் போறான். உங்க ஊரு ஹுடுகனுக்கு, இந்தப் பையனுக்கு, திமிரு ஜாஸ்திப்பா."

"கூச்சம்மா அது."

"போன்ல மட்டும் ஹா ஹான்னு சிரிக்கிறானே!"

மொழி தெரியாமல் சூரத்தில் ஒரு வருடம் கையை ஆட்டியே பிழைத்தவன் நான். இவனுக்கு மொழி தெரியும். மனிதர்கள்தான் வெளியூராகிவிட்டார்கள்.

மூன்றாம் முறைக்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் உள்ளே, நான் மூடிய கதவுக்கு வெளியே. எட்டாவதோடு நின்ற எனக்காக ஆங்கிலக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தான். நான் திக்கித் திக்கிப் படிக்க, பதில் மடமடவென்று வந்தது.

"டேய், இப்படிப் பேசினா ப்ரொபசர் எழுந்து ஓடிடுவாருடா!"

உள்ளே சிரித்தான். சரியென்று கதவைத் திறந்து அடுத்ததைக் கேட்டேன். தரையைப் பார்த்தான்.

"மூடிடுங்கண்ணா."

வைவாவுக்குப் போனவன் மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டான்.

"எல்லாம் தெரியும்ணா. முதல்ல பேரைக் கேட்டாங்க. அதுவே வரல."

அவன் அம்மா தினமும் மதியம் வீடியோவில் வருவார். அங்கே அவரும் இங்கே இவனும் எதிரெதிரே தட்டு வைத்துச் சாப்பிடுவார்கள். அன்றும் வந்தார். நான் ரசம் கொண்டுபோனேன். என் கையும் கரண்டியும் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"யாரு, நம்ம ஊரு தம்பியா? இன்னிக்கு இவனுக்குப் பரீட்சையாச்சே, நல்லா பண்ணானாப்பா?"

பிரபு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். நான் சோற்றில் ரசம் ஊற்றினேன். இன்னொரு கரண்டியும் ஊற்றினேன்.

"போதும் தம்பி," என்றார் அம்மா, வாணியம்பாடியிலிருந்து. "தட்டு வழியுது பாருங்க."