லாரிக்குப் பின்னால்

சிராங்கூன் சாலை மளிகைக் கிடங்கில் நான் கணக்கராக இருந்தபோது, சரக்கு லாரி ஓட்டிய முஸ்லிம் பெரியவரை நம்பியதே இல்லை. தோளில் ஈரத்துண்டு போட்டிருப்பார். யாராவது அருகே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். நோன்பு மாதத்தில் ஒரு நண்பகல், அவர் லாரிக்குப் பின்னால் மறைந்து நின்று ரொட்டி தின்றதைப் பார்த்துவிட்டேன். ஆண்டவனையே ஏமாற்றுகிறவர் அரிசி மூட்டையை விட்டுவைப்பாரா?

பெருநாள் போய்ச் சில மாதங்கள் கழித்து, சரக்குக் கணக்குப் பார்க்க நானும் கூடப் போன ஒருநாள், ஃபேரர் பார்க் பக்கம் லாரியை நிறுத்தியபோது, அவர் வாயைக் கிளறலாமென்று தேநீர் வாங்கி நீட்டினேன்.

“வேணாம் தம்பி, இன்னிக்கு நோன்பு.”

“நோன்பு மாசம் எப்பவோ முடிஞ்சிருச்சே?”

“அப்பக் காய்ச்சல்லா. மாத்திரை போட்டுக்கிட்டுல்ல வண்டி ஓட்டினேன். விட்ட நோன்பை இப்பப் புடிக்கிறேன்.”

அதையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் அவர் எதிரே குடிக்க மனம் வராமல், தேநீரோடு லாரிக்குப் பின்னால் போனேன்.