பன்னிரண்டு காந்த வளையங்கள்

சீனத் துறைமுக நகரமான நிங்போவின் அந்தக் காந்தப் பட்டறையில் பூச்சுக்குச் சட்டை என்றுதான் பெயர். நியோடிமியம் காந்தத்தைச் சட்டையில்லாமல் வெளியே வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது, சாம்பல் பொடியாக உதிர்ந்துவிடும். எந்தக் காந்தத்துக்கு எந்தச் சட்டை என்று இருபத்திரண்டு வருடமாக முடிவு செய்துவந்தவன் ஷி குவோதிங். வீட்டில் ஆதிங்.

அவனுடைய அக்கா யாஃபென் அதே பட்டறையில் சரிபார்ப்பு மேசையில் இருந்தாள். ஐந்தாம் வகுப்போடு அவள் நின்றுகொண்டதால்தான் அவனால் ஒன்பதாவது வரை போக முடிந்தது. மீதியை அவன் தானாகவே படித்தான். சேற்று நத்தை பொறுக்க அவள் கடற்கரைக்குப் போகும்போது கூடவே வந்து, விதவிதமான பூச்சுப் போட்ட காந்தங்களைக் கயிற்றில் கோர்த்துச் சேற்றுக்குள் தொங்கவிடுவான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, அதில் தேதி. பொம்மைக்குள் போகும் காந்தத்துக்குத் துத்தநாகம் போதும், ஒலிபெருக்கிக்கு நிக்கல், உப்புக்காற்று படும் இடத்துக்கு எப்பாக்ஸி என்ற கறுப்புப் பிசின் என்று அவன் சொன்னால் பொறியியல் படித்தவர்களும் தலையாட்டினார்கள். யாஃபென் அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது சொன்னால் மட்டும் நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

மீன்பிடிப் படகுகளுக்குக் கருவி செய்யும் ஒருவர் திருகாணித் துளையுள்ள காந்த வளையங்கள் கேட்டார். மீன் அறையின் மூடி சரியாக மூடியதா என்று காட்டுவதற்கு. பளபளப்பாக இருக்க வேண்டும் என்றார்.

"நிக்கல் வேணாம் முதலாளி," என்றான் ஆதிங். "முலாம் வெளியில கெட்டியா ஒக்காரும். துளைக்குள்ள மெலிசாத்தான் போகும். படகுல ஒரு பருவம் தாங்காது. கறுப்பு போடுவோம்."

"கல்யாணத்துக்குக் கறுப்புத் துணி கட்டிட்டு வர்றவன்டா நீ," என்றார் முதலாளி லே. "வாங்குறவன் வெள்ளி மாதிரி கேக்குறான். இவன் கரி பூசிக் குடுக்குறானாம்."

"சரி, பெட்டி சொல்லட்டும். மூணு நாள் கழிச்சு ஒரு துளையில துரு தெரிஞ்சாலும் கறுப்பு. தெரியலன்னா உங்க இஷ்டம்."

பெட்டி என்பது உப்புநீரைப் பனிபோலத் தூவிக்கொண்டே இருக்கும் சோதனைப் பெட்டி. அதில் தொங்கவிட நிக்கல் பூசிய வளையங்கள் பன்னிரண்டை அனுப்பச் சொல்லிச் சரிபார்ப்பு மேசைக்குச் சீட்டு வந்தது.

பெட்டிக்குப் போகும் காந்தத்தைப் பார்த்துப் பார்த்து எடுப்பது அங்கே வழக்கம். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. யாஃபென் தட்டில் இருந்த நாற்பதையும் விளக்கடியில் திருப்பினாள். பூதக்கண்ணாடி வைத்துத் துளைக்குள் பார்த்தாள். உள்ளே மங்கலாக இருந்த இருபத்தெட்டை ஒதுக்கினாள். தம்பி பார்க்கப்போகும் பெட்டி, தன் மேசையிலிருந்து ஒரு குறையுள்ள காந்தம்கூடப் போகக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். பன்னிரண்டையும் பஞ்சால் துடைத்து அனுப்பினாள்.

மூன்று நாள் கழித்துப் பன்னிரண்டும் புதிதுபோல வெளியே வந்தன. ஆதிங் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். துளைகளை மட்டும் இன்னொரு முறை பார்த்தான். பிறகு சீட்டில் நிக்கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஐந்து மாதத்தில் வளையங்கள் திரும்பி வந்தன. அவை வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தவள் யாஃபென்தான். துளையிலிருந்து தொடங்கி முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சில வளையங்கள் பிளந்து, உள்ளிருந்த பொடி ஒன்றோடொன்று ஒட்டி முள்ளாக நின்றது. தான் ஒதுக்கிய இருபத்தெட்டின் துளைகளில் பார்த்த மங்கல்தான் இப்படி ஆகியிருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

மறுநாளே ஆதிங்கை அமிலத் தொட்டிக்கு மாற்றினார்கள். காந்தங்களைக் கழுவும் வேலை. புதிதாகச் சேர்கிறவர்கள் செய்வது.

மதியம் உப்புக்கீரையும் மூங்கில் குருத்தும் போட்ட சோற்றை அவன் முன்னால் வைத்துவிட்டு யாஃபென் சொன்னாள்: "அந்தப் பன்னெண்டும் நான் பாத்து எடுத்ததுடா. நல்லதா."

"தெரியும்," என்றான் அவன்.

"எப்போ தெரியும்?"

"வெளிய எடுத்தப்பவே. பன்னெண்டு துளையும் ஒண்ணுபோல இருக்காதுக்கா, எங்கயும் இருக்காது."

"அப்புறம் ஏன்டா கையெழுத்துப் போட்டே?"

"மறுபடி எடுத்துக் குடுக்கச் சொன்னா, எங்கக்காவ நம்பலன்னு எல்லார் முன்னாடியும் சொன்ன மாதிரி ஆகும்." அவன் சோற்றைப் பிசைந்தான். "சாப்பிடு. ஆறிப்போகுது."

அவள் தன் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். நேராக முதலாளி அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது, பன்னிரண்டு, ஒதுக்கியது, துடைத்தது. ஒன்றையும் விடவில்லை.

லே தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்து மூடினார். "கதவச் சாத்து," என்றார். "எத்தன வருஷமா பெட்டிக்கு நீ எடுத்துக் குடுக்குறே?"

"பதினொரு வருஷமா."

"இத நான் காகிதத்துல எழுதினா, பதினொரு வருஷமா வாங்கினவன் அத்தன பேரும் பழைய காந்தத்தத் தூக்கிட்டு வாசல்ல நிப்பான். எழுத முடியாது யாஃபென்."

"அப்போ ஆதிங்?"

"சீட்டுல அவன் பேர் இருக்கு."

"அவன் முதல்ல கறுப்புன்னுதானே சொன்னான். நீங்க கேட்டீங்க. நானும் மேசையில இருந்து கேட்டேன்."

"சொன்னான். சொன்னத யாரும் எழுதி வெக்கல. போ, மேசை காலியா கெடக்கு."

அமிலக் கொட்டகையின் வாசலில் போய் நின்றாள். புகைக்குள் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிய அவன் முதுகு தெரிந்தது. அவளைப் பார்த்ததும், "உள்ள வராதக்கா, கண்ணு எரியும்," என்றான்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன்டா."

அவன் கூடையைத் தொட்டியில் இறக்கி, கணக்காக எண்ணிவிட்டு மேலே எடுத்தான். "என்ன சொன்னாரு?"

"சீட்டுல உன் பேர் இருக்காம்," என்றாள். அவன் தலையாட்டினான். அடுத்த கூடையை எடுத்தான்.